ஜப்பானியம் இனிக்கிறது, கன்னடம் மட்டும் வேண்டாம் என்கிறது மனசு

பெங்களூரிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. தர்மபுரிப் பக்கம் சொந்த ஊர். 2014-இல் கணவரின் வேலைக்காகப் பெங்களூர் வந்தவர், இப்போது இருவருக்குமே அங்கேதான் வேலை. மொழி என்றால் அவருக்கு உயிர். ஜப்பானிய மொழியில் என்3 என்கிற இடைநிலைத் தேர்வு தேறியிருக்கிறார். ஸ்பானிஷ் செய்தி கேட்டால் புரிகிறது. ஆறு மாதமாகக் கொரிய எழுத்துகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். ஆனால் கன்னடம்? "புத்தகம் வாங்கினேன். மூன்றாம் பக்கத்தைத் தாண்டவில்லை. சோம்பல் இல்லை மேடம், அதே ராத்திரி ஜப்பானியத்தின் காஞ்சி எழுத்து நாற்பது எழுதிப் பார்த்தேன். கன்னடத்தைத் தொடவே மனசு வரவில்லை."

கீழ்வீட்டில் தனியாக இருக்கும் ஒரு அஜ்ஜி (கன்னடத்தில் பாட்டி) தினமும் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டே இவரைப் பார்த்து ஏதோ கேட்பாராம். இவர் சிரித்துவிட்டு மாடி ஏறிவிடுவார். போன மாதம் அந்த அஜ்ஜி படியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். எங்கே வலிக்கிறது என்று கேட்கக்கூட இவருக்கு வார்த்தை இல்லை. நான்காம் வகுப்பு படிக்கும் மகள் ஓடிவந்து மொழிபெயர்த்திருக்கிறாள். அடுத்த வாரமே குடியிருப்போர் கூட்டத்தில் ஒருவர் எல்லோர் முன்னாலும், "பதினோரு வருஷமா எங்க தண்ணியக் குடிக்கிறீங்க, எங்க பாஷை தெரியாதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து கன்னடம் என்றாலே வயிறு இறுகுகிறதாம்.

கேள்விகள்: ஒரு மொழியைப் படிக்க ஆசையில்லை என்பது தப்பா? சட்டப்படி யாராவது கட்டாயப்படுத்த முடியுமா? மகளுக்குப் பள்ளியில் கன்னடத்தை மாற்ற வழி உண்டா? "எனக்கு என்றைக்காவது ஆசை வருமா?"

அன்புள்ள சகோதரி,

முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில்: தப்பில்லை. உலகில் ஏறக்குறைய 7,000 மொழிகள் இருக்கின்றன. மொழிப் பித்து உள்ள யாரைக் கேட்டாலும், தொடவே பிடிக்காத மொழி என்று ஒன்றிரண்டு வைத்திருப்பார்கள். ஒருவருக்கு எழுத்து பிடிக்காது, இன்னொருவருக்கு ஓசை பிடிக்காது. எனக்கு பிரெஞ்சில் இன்றுவரை ஆசை வந்ததில்லை, அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதும் இல்லை.

ஆனால் "பிடிக்கவில்லை" என்று நாம் ஒதுக்கும் மொழிகளைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், பெரும்பாலும் மொழியின் மேல் குறை இருக்காது. அது நம்மிடம் வந்து சேர்ந்த வழியில்தான் இருக்கும். பின்லாந்துப் பள்ளிகளில் ஸ்வீடிஷ் கட்டாயப் பாடம். அங்கே மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரே "கட்டாய ஸ்வீடிஷ்" என்ற பொருளில் வரும் ஒற்றைச் சொல். அயர்லாந்தில் பள்ளிக்காலம் முழுக்க ஐரிஷ் படித்துவிட்டு, நாலு வாக்கியம் கோவையாகப் பேச வராதவர்கள் நிறைய. கிழக்கு ஐரோப்பாவில் ஒரு தலைமுறையே பள்ளியில் ரஷ்ய மொழி படித்தது. 1989-க்குப் பிறகு கட்டாயம் போனதும் பெரும்பாலோர் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். ரஷ்ய மொழி அழகில்லாததாலா? அது வந்த வாசல் அப்படி.

உங்கள் வீட்டுக்குக் கன்னடம் எந்த வாசல் வழியாக வந்தது? உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறு ஏதோ சொல்லிக்கொண்டு வரும்போது, நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அந்த லாரி

1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்பு சொன்னது. டிசம்பரில் அது மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் மீது தாக்குதல் தொடங்கியது. அப்போது உங்களுக்கு ஏழு வயது. நடுராத்திரி ஒரு லாரி வந்து உங்கள் வீட்டு வாசலில் நின்றது. அதிலிருந்து மாமா, அத்தை, இரண்டு பிள்ளைகள், ஒரு டிரங்குப் பெட்டி. அத்தையின் காலில் செருப்பு இல்லை. "அந்த வெறுங்கால் இன்னும் கண்ணில் நிற்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அப்புறம் 2016 செப்டம்பர் 12. மறுபடியும் காவிரி. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் எரிந்த அன்று நீங்கள் ஏழு மாதக் கர்ப்பிணி. வண்டியின் நம்பர் பிளேட்டில் கணவர் பழைய துண்டைக் கட்டிவிட்டு வந்து கதவைச் சாத்தினார். அன்று முழுக்க நீங்கள் வீட்டுக்குள்ளும் தமிழில் சத்தமாகப் பேசவில்லை.

இதையெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் "எனக்கு ஏன் இந்த மொழியில் ஆர்வம் வரவில்லை என்று புரியவில்லை" என்று முடித்திருக்கிறீர்கள். எனக்குப் புரிகிறது, சகோதரி. ஜப்பானிய மொழி உங்களை ஒருநாளும் பயமுறுத்தியதில்லை. வகுப்பில் தப்பாகப் பேசினால் ஆசிரியர் சிரித்துத் திருத்துவார், அவ்வளவுதான். கன்னடத்தில் தப்பாகப் பேசினால் "நான் தமிழ்" என்பது வெளியே தெரிந்துவிடும். ஏழு வயதிலிருந்து உங்கள் உடம்பு கற்று வைத்திருக்கும் பாடம், அப்படித் தெரிவது ஆபத்து என்பது. இதைச் சோம்பல் என்றோ வெறுப்பு என்றோ நான் சொல்ல மாட்டேன். இது பழைய பயம். இதற்கு ஆர்வமின்மை என்று பெயர் வைத்ததால்தான் உங்களால் தீர்க்க முடியவில்லை. ஆர்வமில்லாத விஷயத்தை நினைத்து யாருக்கும் வயிறு இறுகாது.

அதே பக்கத்தில் இன்னொரு வரி இருக்கிறது. லாரி பிடித்துக் கொடுத்து, மாமா குடும்பத்தை விடியும் முன் ஏற்றி அனுப்பியது அவர்கள் குடியிருந்த வீட்டின் ஓனரம்மா. அதற்கு முந்தின இரண்டு ராத்திரியும் தன் சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் அவர்களை வைத்துப் பூட்டி, யார் வந்து கேட்டாலும் "ஊருக்குப் போய்விட்டார்கள்" என்று சொன்னவர். கன்னடக்காரர். நீங்கள் இதை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நான் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அந்த நாட்களில் தமிழ்நாட்டிலும் கன்னடர்கள் அடி வாங்கினார்கள். 2016-இல் சென்னையில் கர்நாடகத்துக்காரர் நடத்திய ஓர் ஓட்டலில் பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. கணக்கு நேர் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் அத்தையைப் போலவே வெறுங்காலோடு வந்து இறங்கியவர்கள் அந்தப் பக்கமும் உண்டு. உங்கள் கீழ்வீட்டு அஜ்ஜிக்கும் ஒரு 1991 இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்.

"தமிழிலிருந்து வந்ததுதானே, படிக்க என்ன இருக்கிறது?"

இப்படியும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இது இரண்டு விதத்தில் தவறு.

முதலாவது, கன்னடம் தமிழின் மகள் இல்லை, கூடப் பிறந்தது. இரண்டுக்கும் முன்னால் ஒரு பொதுத் தாய் இருந்தாள். நீங்கள் மொழி ஆர்வலர் என்பதால் சான்றோடு சொல்கிறேன். நம் "செவி" கன்னடத்தில் "கிவி". நம் "சேரி" அங்கே "கேரி". இவற்றில் பழைய ஒலி "க"தான் என்பது மொழியியலாளர்கள் முடிவு. அதைச் "ச"வாக மாற்றியது தமிழ். அதாவது சில இடங்களில் கன்னடம் பழையதைக் காப்பாற்றியிருக்கிறது, நாம் மாறிவிட்டோம். வேறு இடங்களில் இது தலைகீழ். மிகப் பழைய கன்னடக் கல்வெட்டுகளில் ஒன்றான ஹல்மிடி கல்வெட்டைப் பொதுவாகக் கி.பி. 5-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். 9-ஆம் நூற்றாண்டிலேயே கன்னடத்தில் அணி இலக்கண நூல் எழுதப்பட்டுவிட்டது. இவ்வளவு வரலாறு உள்ளவர்களிடம் போய் "நீங்கள் எங்களிலிருந்து வந்தவர்கள்" என்றால் வலிக்கத்தான் செய்யும். 2025-இல் இந்த ஒரே வாக்கியத்தால் எவ்வளவு பெரிய சர்ச்சை வெடித்தது என்பதை நீங்களே அங்கிருந்து பார்த்திருப்பீர்கள்.

இரண்டாவது, கிட்டத்து மொழி என்பதால் படிக்க எதுவுமில்லை என்று ஆகிவிடாது. ஆனால் உங்களுக்குக் கையில் ஒரு சாவி இருக்கிறது. ஜப்பானிய எழுத்தில் "ஹ"வின் தோளில் ஒரு சின்ன வட்டம் போட்டால் அது "ப" ஆகிவிடும் அல்லவா? இன்று அவர்கள் "ஹ" என்று ஒலிக்கும் பல சொற்கள் ஒரு காலத்தில் "ப"வில் தொடங்கியவை. இப்போது கன்னடத்தைப் பாருங்கள். பால் ஹாலு. பல் ஹல்லு. பத்து ஹத்து. புலி ஹுலி. பாம்பு ஹாவு. பெயர் ஹெசரு. பன்றி ஹந்தி. பூ ஹூவு. பழைய கன்னடத்தில் இவையெல்லாம் "ப"வில்தான் தொடங்கின. நீங்கள் ஆயிரம் மணி நேரம் செலவழித்துப் படித்த மொழியில் நடந்த அதே மாற்றம், உங்கள் வீட்டுக் கீழ்த் திண்ணையிலும் நடந்திருக்கிறது. இதைப் படிக்கும்போது உங்களுக்குக் கொஞ்சமாவது சிலிர்த்தால், ஆர்வம் செத்துவிடவில்லை என்று அர்த்தம்.

சட்டம்

நான் வழக்கறிஞர் இல்லை. பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தியாவின் எந்தப் பகுதியிலும் வசிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு தருகிறது. தன் மொழியைக் காத்துக்கொள்ளும் உரிமையை 29-ஆவது பிரிவு தருகிறது. தனியார் வேலையில் இருக்கும் ஒருவர் கன்னடம் படித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பெயர்ப்பலகையில் 60 விழுக்காடு கன்னடம் இருக்க வேண்டும் என்ற விதி கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும்தான். குடியிருப்போர் சங்கம் உங்களை மொழிக்காக ஒன்றும் செய்ய முடியாது. யாராவது மிரட்டினால், அது மொழிப் பிரச்சினை இல்லை, குற்றம். தயங்காமல் போலீசுக்குப் போங்கள்.

கூட்டத்தில் கேட்டவருக்கு நீங்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை. அவர் வாயை அடைப்பதற்காகக் கன்னடம் படிக்கவும் வேண்டாம். அவமானத்தில் தொடங்கும் படிப்பு நிலைப்பதை நான் பார்த்ததில்லை. உரிமையைப் பற்றி இவ்வளவு போதும். அஜ்ஜி படியில் உட்கார்ந்திருந்தபோது உங்களுக்குத் தேவைப்பட்டது உரிமை இல்லையே.

மகளின் கன்னடம்

இதில் மட்டும் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

2015-ஆம் ஆண்டின் கன்னட மொழி கற்றல் சட்டம், பள்ளிகளில் கன்னடத்தை முதல் மொழியாகவோ இரண்டாம் மொழியாகவோ கற்பிக்க வேண்டும் என்கிறது. 2017-18-இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக மேல் வகுப்புகளுக்கு நீட்டினார்கள். சி.பி.எஸ்.இ. போன்ற பிற பாடத்திட்டப் பள்ளிகள் தொடர்பாக நீதிமன்றத்தில் வழக்குகளும் நடந்திருக்கின்றன. உங்கள் பள்ளியில் எப்படி என்பதைப் பள்ளி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கோபப்படும் முன் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: தமிழ்நாட்டில் 2006-இலேயே தமிழ் கற்றல் சட்டம் வந்துவிட்டது. அதை எதிர்த்து அங்கே உள்ள மொழிச் சிறுபான்மையினரும் நீதிமன்றம் போனார்கள். ஓசூர்ப் பக்கத்தில் ஒரு கன்னடத் தாய்க்கு இருந்த அதே கவலைதான் உங்களுக்கும்.

கன்னடம் வந்தால் அவள் தமிழ் போய்விடும் என்று பயப்படுகிறீர்கள். பெங்களூரில் தமிழ்ப் பிள்ளைகளின் தமிழைத் தின்பது கன்னடம் இல்லை, ஆங்கிலம். என்னிடம் வரும் குடும்பங்களில் தினமும் பார்க்கிறேன், அப்பாவும் அம்மாவும் பிள்ளையிடம் பேசுவதே ஆங்கிலத்தில்தான். கன்னடம் தமிழுக்குத் துணைதான் நிற்கும். வாக்கிய அமைப்பு ஒன்றே. "எனக்கு" என்பது "நனகெ". "மனைக்கு" என்பது "மனெகெ". வேற்றுமை உருபு என்றால் என்ன என்பது ஆங்கிலத்தில் மட்டுமே வளரும் பிள்ளைக்குப் புரியாது, உங்கள் மகளுக்குப் புரியும். மாலையில் அரை மணி நேரம் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள். அதற்கு இடம் வேண்டுமென்றால் கொரியப் பாடத்தில் ஒரு நாளைக் குறைக்கலாம்.

இன்னொன்று. அவளை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை, வலியில் இருக்கும் ஒரு பெரியவருக்கும் பதறி நிற்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்று பேசியிருக்கிறாள். கெட்டிக்காரிதான். ஆனால் அது அவள் சுமக்க வேண்டிய சுமை இல்லை. நாளைக்கு ஆஸ்பத்திரியில், போலீஸ் ஸ்டேஷனில் என்று இது நீளும். வேறு எந்தக் காரணத்துக்காகவும் இல்லாவிட்டாலும் இதற்காகவாவது உங்களுக்குக் கொஞ்சம் கன்னடம் வேண்டும் என்பது என் கருத்து.

என்ன செய்யலாம்?

படிக்கவே வேண்டாம் என்று முடிவெடுத்தால், அதையும் மதிக்கிறேன். அப்படியானால் குற்ற உணர்வையும் சேர்த்து இறக்கி வையுங்கள். அஜ்ஜியின் மகனோ மகளோ இருந்தால் அவர்கள் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படித்துப் பார்க்கலாம் என்றால், ஜப்பானியம் படித்த வழியில் படிக்காதீர்கள். உங்களுக்குப் புத்தகம், அட்டை, செயலி, தேர்வு என்றால் உற்சாகம் வரும். இங்கே அவை வேண்டாம். எழுத்தும் இப்போதைக்கு வேண்டாம். இது உங்கள் ஆசை மொழிகளின் வரிசையில் சேர வேண்டியதில்லை. உங்கள் தெருவின் மொழி, அவ்வளவே. தெரு அளவுக்கு வந்தால் போதும்.

நான் 22 ஆண்டுகளுக்கு முன் பெங்களூர் வந்தபோது எனக்குக் கன்னடம் கற்றுத் தந்தவர் தள்ளுவண்டியில் கீரை விற்ற ஓர் அம்மா. கீரைக்கு ஸொப்பு. மெந்தெ ஸொப்பு வெந்தயக் கீரை, தண்டு ஸொப்பு தண்டுக்கீரை. "எஷ்டு?" என்றால் எவ்வளவு. நான் கட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நிற்பேன், அவர் பெயர் சொல்வார், நான் திருப்பிச் சொன்னால்தான் சில்லறை தருவார். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பேரம் பேச வந்துவிட்டது. தப்பு விட்டபோது அவர் ஒரு தடவைகூட என்னை எந்த ஊர் என்று கேட்கவில்லை.

உங்களுக்கு அஜ்ஜி இருக்கிறார். தினமும் உங்களிடம் அவர் கேட்பது என்ன தெரியுமா? கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் ஓசையை வைத்துப் பார்த்தால், "ஊட்ட ஆய்த்தா?" சாப்பாடு ஆயிற்றா என்கிறார். காலையில் என்றால் "திண்டி ஆய்த்தா?" "தின்" என்பது நமக்குக் கொஞ்சம் முரட்டுச் சொல்லாகக் கேட்கும், அங்கே அப்படி இல்லை. சிற்றுண்டிக்கு மரியாதையான சொல் அதுதான். பதினோரு வருடமாக ஒருவர் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டுக்கொண்டிருக்கிறார், நீங்கள் பயந்து மாடி ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். "ஆய்த்து அஜ்ஜி, நிம்து?" என்று சொல்லிப் பாருங்கள். ஆயிற்று, உங்களுடையது? முதல் வாரம் இது ஒன்று போதும்.

அடுத்து ஒரு வாக்கியம்: "ஸ்வல்ப ஸ்வல்ப பர்த்தெ, கலீத்தா இத்தீனி." கொஞ்சம் கொஞ்சம் வருகிறது, கற்றுக்கொண்டிருக்கிறேன். இதில் வரும் "கலி", நாம் "கற்க" என்று சொல்கிறோமே, அதே வேர்தான். கடையிலோ பேருந்திலோ திணறும்போது இதைச் சொன்னால் பெரும்பாலான முகங்கள் இளகிவிடும். மகளிடம் தினமும் பத்து நிமிடம் பாடம் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளராக இருப்பது அவளுக்குப் பாரம், டீச்சராக இருப்பது சந்தோஷம். மூன்று மாதம் இப்படிப் போகட்டும். வயிறு இறுகுவது நிற்கவே இல்லை என்றால், பந்த் என்று செய்தி வந்தாலே உள்ளங்கை வியர்க்கிறது என்றால், நேரில் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். அந்தப் பயத்துக்குத் தனியாகச் சிகிச்சை உண்டு.

கடைசிக் கேள்வி, ஆசை வருமா என்பது. என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஸ்பானிஷ் மேல் வந்தது போல வராமலே போகலாம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது, அஜ்ஜியிடம் பேச அவ்வளவு ஆசை தேவையில்லை. கன்னடச் சிறுகதையின் தந்தை என்று கொண்டாடப்படுகிற மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழி தமிழ். 1983-க்கான ஞானபீட விருது பெற்றவர் அவர். அவ்வளவு தூரம் நீங்கள் போக வேண்டும் என்று சொல்லவில்லை. தமிழ் பேசும் வீட்டிலிருந்து அந்த மொழிக்குள் வேறு வாசல் வழியாகவும் ஆட்கள் நுழைந்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

மாமா இப்போது சேலத்தில் மகனோடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குப் போன் போடுங்கள். அந்த ஓனரம்மாவின் பெயர் என்ன, அந்த இரண்டு ராத்திரியும் சாமான் அறைக்குள் இருந்தவர்களிடம் அவர் என்ன பேசினார் என்று கேளுங்கள். கன்னடத்தில்தான் பேசியிருப்பார். மாமாவுக்கு ஞாபகம் இருக்கும் வாக்கியங்களை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புரியாத சொல் இருந்தால் கீழே அஜ்ஜியிடம் கேட்கலாம்.